கியர் விழாதது ஏன்?

நுழையும் முன்

நோயாளியைக் கண்டவுடன் மருத்துவர் மருந்து எழுதுவதில்லை. எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று வினவுகிறார், உடலைச் சோதிக்கிறார், பின்னரே மருந்தை முடிவு செய்கிறார். இயந்திரத்தின் பழுதை நீக்குவதற்கும் இம்முறையே பொருந்தும். மகிழுந்தின் கியர் மாற்றத்தில் தோன்றும் குறைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு பழுதறியும் முறையை இப்பாடத்தில் கற்போம்.

மலைச்சாலையில் ஒரு வளைவு

டேராடூனிலிருந்து முசோரிக்குச் செல்லும் மலைச்சாலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. அச்சாலையில் இறங்கும் ஓட்டுநர் மகிழுந்தைக் குறைந்த கியரில் செலுத்துகிறார். அப்போது எஞ்சினே சக்கரங்களின் வேகத்தைப் பெரிதும் கட்டுப்படுத்துகிறது. வளைவுக்கு முன் மூன்றாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு மாற்றும்போது கியர் விழாமற்போனால் என்ன நேரும்? எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் உள்ள தொடர்பு அற்றுவிடும். பிரேக் ஒன்றே துணையாகும். இடைவிடாது அழுத்தப்படும் பிரேக் சூடேறித் தன் பிடிப்பை இழக்கக்கூடும். ஆகவே, கியர் கடினமாக விழுவதைச் சிறு தொல்லை என்று எண்ணிப் புறக்கணித்தல் கூடாது.

கியர் மாறும் விதம்

எஞ்சினோடு சேர்ந்து ஃபிளைவீல் என்னும் கனத்த சக்கரம் சுழல்கிறது. அதனுடன் கிளட்ச் தட்டு அழுந்தியிருக்கும் வரை எஞ்சினின் ஆற்றல் கியர்பெட்டிக்குச் செல்லும். கிளட்ச் மிதியை அழுத்தினால் தட்டு விடுபடும், ஆற்றல் தடைப்படும். அந்த இடைவேளையில் ஓட்டுநர் நெம்புகோலை நகர்த்துகிறார். அவ்வசைவு கம்பிகள் அல்லது கேபிள்கள் வழியாகக் கியர்பெட்டியை அடைகிறது. பெட்டிக்குள் உள்ள சிங்க்ரோ வளையம், வெவ்வேறு வேகத்தில் சுழலும் பகுதிகளை உரசிச் சமவேகத்திற்குக் கொண்டுவருகிறது. அதன்பின் கியர் ஓசையின்றி விழுகிறது.

எனவே, குறை தோன்றக்கூடிய இடங்கள் மூன்று. அவை கிளட்ச், இணைப்புக் கம்பி அல்லது கேபிள், கியர்பெட்டியின் உட்பகுதி என்பன. இம்மூன்றனுள் எது என்று அறியாமல் கியர்பெட்டியைக் கழற்றுவது, காரணம் அறியாமல் அறுவை செய்வதற்கு ஒப்பாகும். பொருளும் வீணாகும், குறையும் நீங்காது.

பழுதை அறியும் சோதனைகள்

முதலில் மகிழுந்தைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்துச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்க வேண்டும். அடுத்து, கிளட்ச் மிதியின் அடியைப் பார்க்க வேண்டும். தரைவிரிப்பு சுருண்டு மிதிக்குக் கீழே கிடந்தால், மிதி முழுமையாக இறங்காது. விரிப்பை ஒதுக்கியவுடன் குறை நீங்குவதும் உண்டு.

இரண்டாவதாக, எஞ்சினை நிறுத்திவிட்டுக் கிளட்ச்சை மிதித்து எல்லாக் கியர்களையும் போட்டுப் பார்க்க வேண்டும். பற்கள் நேர்படாமையால் ஏதேனும் ஒரு கியர் விழாவிடில், நியூட்ரலுக்கு வந்து கிளட்ச்சை ஒருமுறை விட்டு மிதித்து மீண்டும் முயல வேண்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது எளிதாகவும், ஓடும்போது கடினமாகவும் கியர் விழுந்தால், ஐயம் கிளட்ச்சின் மீது செல்லும். நின்றிருக்கும்போதும் கடினமாக இருந்தால், இணைப்பையோ பெட்டியின் உட்பகுதியையோ ஐயுற வேண்டும்.

மூன்றாவதாக, எஞ்சினை இயக்கிக் கிளட்ச்சை முழுவதும் மிதித்து, ஐந்து வினாடி பொறுத்து, ரிவர்ஸ் கியரை மெதுவாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பல மகிழுந்துகளில் ரிவர்ஸ் கியருக்குச் சிங்க்ரோ வளையம் இராது. ஐந்து வினாடிக்குப் பிறகும் கரகரவென்று உரசும் ஓசை கேட்டால், கிளட்ச் தட்டு முழுமையாக விடுபடவில்லை என்று அறியலாம்.

இறுதியாக, ஓட்டும்போது தோன்றும் குறிகளை நோக்க வேண்டும். ஒரே ஒரு கியர் மட்டும் உரசினால், அந்தக் கியரின் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கலாம். காலையில் கடினமாகவும் சூடேறியபின் எளிதாகவும் இருந்தால், கியர் எண்ணெயின் தன்மையை ஆராய வேண்டும். நெம்புகோல் தளர்ந்து ஆடினால் இணைப்புகளில் தேய்மானம் உள்ளது எனக் கொள்ளலாம்.

சரிசெய்யும் முறை

மாருதி 800 போன்ற மகிழுந்துகளில் கிளட்ச் ஒரு கேபிளால் இயங்குகிறது. மிதியை விரலால் அழுத்தினால், கிளட்ச்சின் எதிர்ப்பை உணர்வதற்கு முன் அது சிறிது தொலைவு இறங்கும். இதனை வெற்றசைவு என்பர். இது மிகுந்தால் தட்டு முழுமையாக விடுபடாது, கியர் உரசும். மிகக் குறைந்தால் தட்டு எப்போதும் சிறிது நழுவித் தேயும். கேபிளின் முனையில் உள்ள நட்டைத் திருகி, மகிழுந்தின் கையேடு கூறும் அளவுக்கு அதனைக் கொண்டுவர வேண்டும். பின்னர் மிதியைப் பலமுறை அழுத்திவிட்டு மீண்டும் அளக்க வேண்டும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கிளட்ச்சில் எண்ணெயின் அளவையும் கசிவையும் நோக்க வேண்டும். குழாயில் காற்று புகுந்திருந்தால் அதனை வெளியேற்ற வேண்டும்.

இணைப்பில் குறை இருந்தால், தேய்ந்த புஷ்களை முதலில் மாற்ற வேண்டும். பழைய அம்பாசிடர் மகிழுந்துகள் பலவற்றில் நெம்புகோல் ஸ்டியரிங்கின் அருகே இருந்தது. அங்கிருந்து கியர்பெட்டி வரை பல மூட்டுகள் உண்டு. ஒவ்வொரு மூட்டிலும் உள்ள சிறு தளர்ச்சி சேர்ந்து பெருந்தளர்ச்சியாகும். புஷ்களை மாற்றாமல் கம்பியின் நீளத்தை மட்டும் திருத்தினால், குறை சில நாள் மறைந்து மீண்டும் தோன்றும். புதிய புஷ்களைப் பொருத்தியபின், கியர்பெட்டி, நெம்புகோல் ஆகிய இரண்டையும் நியூட்ரலில் நிறுத்திக் கையேட்டின்படி இணைப்பை இறுக்க வேண்டும்.

இச்சோதனைகளுக்குப் பிறகும் குறை நீங்காவிடில், தேர்ந்த மெக்கானிக்கிடம் கியர்பெட்டியைத் திறக்கச் சொல்லலாம். நாம் கண்ட குறிகளை அவரிடம் முறையாகக் கூறினால் அவர் பணியும் எளிதாகும்.

நினைவில் கொள்க

மாணவர்கள் இச்சோதனைகளைத் தனியே செய்தல் கூடாது. ஜாக்கியால் மட்டும் தாங்கப்பட்ட மகிழுந்தின் அடியில் எவரும் நுழைதல் கூடாது. கிளட்ச் மிதியின் மேல் காலையும் நெம்புகோலின் மேல் கையையும் எப்போதும் வைத்திருப்பது தேய்மானத்தை விரைவுபடுத்தும். விழாத கியரை வலிமையால் தள்ளுவது சிறு குறையைப் பெருங்குறையாக்கும்.

சொற்பொருள்

ஐயம் – சந்தேகம்
ஒப்பாகும் – சமமாகும்
வினவுதல் – கேட்டல்
தேர்ந்த – திறமை பெற்ற

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. அச்சாலை
2. விழாமற்போனால்
3. வெற்றசைவு

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மலைச்சாலையில் இறங்கும்போது குறைந்த கியர் எவ்வாறு உதவுகிறது?
2. கியர்பெட்டியைக் கழற்றுவதற்கு முன் தரைவிரிப்பைப் பார்ப்பது ஏன்?

இ. சிந்தித்து எழுதுக.
ஒரு மகிழுந்தில் எஞ்சின் நின்றிருக்கும்போது எல்லாக் கியர்களும் எளிதாக விழுகின்றன. எஞ்சின் ஓடும்போது எல்லாமே உரசுகின்றன. குறை எங்கே இருக்கலாம்? காரணத்துடன் எழுதுக.

ஈ. செய்து பார்க்க.
உங்கள் வீட்டில் பழுதான ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். அதனைத் திறக்காமலேயே அறியக்கூடிய மூன்று குறிகளைப் பட்டியலிட்டுப் பெரியவர் ஒருவருடன் கலந்துரையாடுங்கள்.