செரோக்கியரும் திக்கற்ற பிள்ளைகளும்

தாய் தந்தையரை இழந்த மகவை நாம் அநாதை என்கிறோம். வட அமெரிக்கத் தொல்குடியினருள் ஒரு சாராராகிய செரோக்கியர் பண்டு அங்ஙனம் கருதினாரல்லர். அவர்தம் குலங்கள் ஏழு. குலம் தாய்வழியே வருவது. தாய் இறப்பினும் அவளுடன் பிறந்த மகளிர் அம்மகவுக்குத் தாயராயினர், தாய்மாமன் ஆசானாயினன். ஆகவே, குலமுடைய பிள்ளை திக்கற்றதாதல் இல்லை. ஊரார் ஒன்றுகூடி நலிந்தோர்க்கு உழைத்துதவும் வழக்கமும் அவரிடை உண்டு. அதனை அவர்கள் ‘கடுகி’ என்பர். (விரைந்து எனப் பொருள்படும் நம் எச்சத்தோடு இதற்கு உறவில்லை. எனினும், அயலான் வருந்துங்கால் கடுகிச் செல்வதே கடுகி எனின், பொருள் பெரிதும் பிழையாது.)

இவ்வமைப்பை இரு பேரிடர்கள் குலைத்தன. 1838-39ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அரசாங்கத்தார் செரோக்கியரைத் தாய்நிலத்தினின்று வலிந்து பெயர்த்து, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே ஓட்டினர். அதில் மாண்டோர் ஏறத்தாழ 4,000 பேர் என மதிப்பிடுவர். பின்பு, 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் செரோக்கியரே இரு பிரிவாகிப் பொருதனர். வீடுகள் எரிந்தன, வயல்கள் பாழாயின. பிள்ளையை ஏற்கவேண்டிய சிற்றன்னையே கைம்பெண்ணாய் உணவின்றி நின்றாள்.

குலம் தளர்ந்த அவ்விடத்தில் அரசு வந்து நின்றது. செரோக்கியர் 1827இலேயே அரசியற் சட்டம் எழுதிக்கொண்டவர். 1839இல் புதுநிலத்தில் மற்றொன்று இயற்றினர். 1841இல் பொதுப்பள்ளிகளுக்குச் சட்டம் செய்தனர். போருக்குப்பின் 1866இல் அமெரிக்க அரசாங்கத்தோடு செய்த உடன்படிக்கையில், நிலம் விற்ற பணத்தின் வட்டியிலே நூற்றுக்கு 35 பங்கு கல்விக்கும், 15 பங்கு அநாதைகளுக்கும், 50 பங்கு பொதுச்செலவுக்கும் என வகுத்தனர். தாயற்ற பிள்ளைக்கென வருவாயில் ஒரு கூற்றை முன்னரே ஒதுக்கிவைத்த அரசுகள் எத்துணை!

அநாதைகள் விடுதி 1872இல் தலைநகராகிய தாலக்குவாவில் தொடங்கி, 1875இல் கிராண்ட் சலைன் என்னுமிடத்திற்கு மாறிற்று. மிஷனெரிமார் இம்மக்களிடை நெடுநாள் பள்ளிகள் நடத்தியதுண்டு. இவ்விடுதியோ செரோக்கியர் தம் பொருளால் தாமே நடத்தியது. குருடர்க்கும் செவிடர்க்கும் மனநோயாளர்க்கும் ஓர் இல்லம், ஒரு சிறைச்சாலை ஆகியனவும் அக்காலத்தே எழுந்தன.

நிற்க. குறையும் கூறல் வேண்டும். 1821இல் செக்கோயா வகுத்த எழுத்தும், 1828 முதல் அவ்வெழுத்தில் அச்சான செய்தித்தாளும் உடைய மக்கள், விடுதியில் முதன்மையாக ஆங்கிலத்திலேயே பயிற்றினர். இதனினும் பெரிது மற்றொன்று. விடுதி அமைந்த மாளிகை லூயிஸ் ராஸ் என்னும் செல்வருக்குரியதாயிருந்தது. அவரோ நீக்ரோ அடிமைகள் பலரை உடையவர். 1866 உடன்படிக்கை விடுதலையுற்ற அடிமைகளுக்குக் குடியுரிமை அளித்தது. ஆயினும் அவர்தம் அநாதைப் பிள்ளைகளுக்கு அவ்விடுதியில் இடமில்லை. தாமே துரத்தப்பட்டோர் இவ்வாறு கதவடைத்தது நமக்கு ஆற்றொணாததாய்த் தோன்றுகிறது.

1898இன் கர்ட்டிஸ் சட்டம் செரோக்கிய நீதிமன்றங்களை ஒழித்தது; பொதுநிலத்தைத் தனித்தனிக் கூறாக்க வழிகோலியது. 1903இல் விடுதி தீக்கிரையாயிற்று. 1907இல் அந்நாடு ஓக்லஹோமா மாநிலத்துள் அடங்கிற்று. அதன்பின் அநாதைப் பிள்ளைகள் பலருக்கு எஞ்சியவை, தம் பெயரில் ஒரு துண்டு நிலமும், நீதிமன்றம் நியமித்த ஒரு காப்பாளனும். அக்காப்பாளருள் பலர் அந்நிலத்தையே கவர்ந்துகொண்டனர்.