வெயில் ஏறுமுன் மரக்காணம்: சாதாரணக் கேமராவில் துல்லியமான படங்கள்

மரக்காணம் உப்பளத்துக்குக் கேமராவோடு வருகிற இளைஞர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அண்ணே, படம் ஷார்ப்பாவே வரமாட்டேங்குது. லென்ஸை மாத்திடலாமா?" கையில் இருப்பது கேனான் 1500டி, இல்லாவிட்டால் நிக்கான் டி3500. கூடவே பெட்டியில் வந்த 18-55 லென்ஸ். என்னிடம் இருப்பதும் அதே 1500டிதான். இடையஞ்சாவடியிலிருந்து இருட்டோடு பைக்கில் கிளம்பினால், கூனிமேடு, அனுமந்தை எல்லாம் தாண்டி உப்பளத்தை அடையும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருக்கும். இந்தக் கேமராவோடு பல பருவங்கள் அங்கே அலைந்ததில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: இந்தக் கரையில் படத்தைக் கெடுப்பவை கானல், கை அசைவு, கண்ணாடியில் படியும் உப்பு. இந்த மூன்றையும் சரிசெய்யாமல் லென்ஸ் மாற்றுவது காசுக்குக் கேடு.

கேமராவின் திறனைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம். 24 மெகாபிக்சல் என்பது 6000-க்கு 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரமான அச்சுக்கணக்கிலேயே 20 அங்குல அகலத்துக்குப் படம் போடலாம். வீட்டுக் கூடத்தில் மாட்டும் படத்துக்கு அது தாராளம்.

கானலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பாத்தியின் தரையும் வரப்பும் வெயிலில் சூடேறுகின்றன. அவற்றை ஒட்டிய காற்று சூடாகி மேலே எழும்புகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால், அவற்றின் ஊடாக வரும் உருவம் நெளிகிறது. கோடையில் காலை எட்டரை, ஒன்பது மணிக்கே இது ஆரம்பித்துவிடும். 250 மி.மீ. லென்ஸை மாட்டிக்கொண்டு தூரத்தில் இருக்கும் பனைமரத்தைப் பாருங்கள், அடிமரம் தண்ணீருக்குள் நிற்பதுபோல் ஆடும். அந்த நேரத்தில் எட்டத்தில் நிற்கும் ஒரு பவளக்கால் உள்ளானை 1/2000 நொடியில் எடுத்தாலும் அதன் கண் கூராக விழாது. எத்தனை லட்சம் ரூபாய் லென்ஸானாலும் நடுவில் இருப்பது அதே காற்றுதான்.

ஆகவே, தூரத்துக் காட்சிகளைச் சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் எடுத்து முடித்துவிடுவேன். வெயில் ஏறிய பிறகு பெரிய லென்ஸுக்கு வேலை இல்லை. 18 மி.மீ.க்குத் திரும்பி, பத்தடிக்குள் இருப்பதை எடுப்பேன். கூடைப் பின்னல், வரப்போரம் கட்டியிருக்கும் உப்புப் படிகம், கழியைப் பிடித்திருக்கும் விரல்கள். அவ்வளவு கிட்டத்தில் கானல் தெரியாது. மரக்காணத்தில் உப்பெடுப்பு ஏறக்குறைய ஜனவரி முடிவில் தொடங்கி, வடகிழக்குப் பருவமழை வரும் வரைக்கும் நடக்கிறது. தொழிலாளர்கள் வெயிலுக்குப் பயந்து விடியுமுன்பே பாத்தியில் இறங்கிவிடுகிறார்கள். அவர்களுடைய நேரத்துக்கு நாம் போனாலே பாதிப் படம் தேறிவிடும்.

அடுத்தது கை. லென்ஸின் மி.மீ. அளவை 1.6 ஆல் பெருக்குங்கள். ஷட்டர் வேகம் அந்த எண்ணுக்குக் குறையக் கூடாது. 55 மி.மீ.க்கு 1/100, 250 மி.மீ.க்கு 1/400. லென்ஸில் அசைவு தடுக்கும் வசதி இருந்தால் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் அந்த வசதி நம் கையின் ஆட்டத்தைத்தான் தடுக்கும், எதிரில் இருப்பவர் நடப்பதைத் தடுக்காது. தலையில் கூடையோடு வரப்பில் விரைந்து வரும் பெண்ணுக்கு 1/500 வேண்டும். கூடையைக் குவியலில் கவிழ்க்கும்போது சிதறும் உப்பு ஒவ்வொரு மணியாகத் தெரிய வேண்டுமானால் 1/1000. பறக்கும் பறவைக்கு 1/2000. விடிகாலையில் இந்த வேகம் கிடைக்க ஐ.எஸ்.ஓ.வை 800, 1600 என்று ஏற்றத்தான் வேண்டும். பலர் இதற்குத் தயங்கி 100-லேயே நிற்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. ஏறினால் படத்தில் விழும் புள்ளிகளைப் பிறகு கணினியில் பெருமளவு துடைத்துவிடலாம். அசைந்த படத்தை யாராலும் மீட்க முடியாது.

அப்பர்ச்சருக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 18-55 லென்ஸ் எஃப் 8-இல்தான் ஓரம் வரைக்கும் நன்றாக இருக்கும். எஃப் 22-க்குப் போனால் ஒளி குறுகிய துளையில் சிதறி மொத்தப் படமும் மங்கும்.

ஃபோகஸ் விஷயத்தில் உப்பளத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. 1500டி-யில் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள். அவற்றில் நடுப்புள்ளி மட்டுமே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையிலும் கோடுகளைத் தேடிப் பிடிக்கும். தேர்வைக் கேமராவிடம் விட்டால் பெரும்பாலும் முன்னால் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். எனவே நடுப்புள்ளியை மட்டும் வைத்திருக்கிறேன். வெள்ளைக் குவியலில் அதை வைத்தால் பிடிப்பதற்குக் கோடு இல்லாமல் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடும். குவியலின் விளிம்பிலோ கூடையின் பின்னலிலோ வையுங்கள், உடனே நிற்கும். மனிதர் என்றால் நமக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணில்.

இனி வெளிச்சம். வெள்ளை நிறைந்த காட்சியைக் கேமரா நடுத்தரச் சாம்பலாகக் கருதித்தான் கணக்குப் போடும். அதனால் உப்பு அழுக்குச் சாம்பலாகவும், அதன் முன்னால் நிற்பவரின் முகம் கரியாகவும் விழும். எக்ஸ்போஷர் அளவை +1 வரை கூட்டி, ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். வலது விளிம்பில் முட்டாமல் இருக்க வேண்டும். இப்படி எடுக்காமல் இருட்டாக எடுத்த முகத்தைப் பிறகு கணினியில் வெளுப்பாக்கினால் புள்ளிகள் மொய்க்கும், தோலின் நுணுக்கம் போய்விடும். துல்லியம் குறைந்ததாகத் தோன்றும் பல படங்களில் உண்மையான குறை இதுதான்.

முகத்துக்கு வெளிச்சம் கூட்ட உப்பையே பயன்படுத்தலாம். காலை வெயில் விழும் குவியலுக்கு முதுகு காட்டி நின்று, எனக்கு எதிரே வருபவரை எடுப்பேன். குவியலில் பட்ட வெயில் திரும்பி அவர் முகத்தில் விழும். தலைத்துணியின் நிழலில் மறைந்திருந்த கண்கள், கன்னத்தில் காய்ந்த உப்புத்தூள், நெற்றிச் சுருக்கம் எல்லாம் தெளிவாகத் தெரியும். ஸ்டுடியோக்காரர்கள் வெள்ளைத் தட்டி பிடித்துச் செய்வதை மரக்காணத்தில் உப்பு செய்கிறது. இதைக் கண்டுகொண்ட பிறகு ஃபிளாஷை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.

கடற்காற்றில் வரும் உப்பு லென்ஸ் முகப்பில் மெல்லிய படலமாகப் படியும். கண்ணுக்குத் தெரியாது, வெயிலுக்கு எதிராக எடுக்கும்போது படம் முழுக்கப் பால் கலந்ததுபோல் வெளிறும். சட்டை நுனியால் துடைக்கவே துடைக்காதீர்கள். உப்புத்தூள் கண்ணாடியைக் கீறும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதி, பிறகு சுத்தமான துணியைக் காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்து ஒற்றி எடுத்தால் உப்பு கரைந்து வந்துவிடும். லென்ஸைக் கழற்றி மாற்ற வேண்டுமானால் உப்பளத்துக்கு வெளியே வந்து மாற்றுங்கள். முக்காலி கொண்டுபோனால் வீட்டுக்கு வந்ததும் கால்களை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், இல்லாவிட்டால் திருகுகள் துருப்பிடிக்கும். ஏ.சி. அறையில் வைத்திருந்த கேமராவை வெளியே எடுத்ததும் லென்ஸில் ஆவி பிடிக்கும். பையிலேயே அரைமணி நேரம் விட்டுவையுங்கள்.

ரா கோப்பாக எடுத்துப் பழகுங்கள். டார்க்டேபிள், ராதெரபி போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஷார்ப்பன் செய்வதைக் கடைசி வேலையாக வையுங்கள். வானத்துக்கு எதிரே குவியலின் ஓரத்தில் வெள்ளைக் கோடு முளைத்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

இத்தனையும் கைவந்த பிறகு லென்ஸ் வாங்க ஆசை இருந்தால் முதலில் 50 மி.மீ. எஃப் 1.8. விலை குறைவு, எடை குறைவு, விடிகாலை மனித முகங்களுக்கு அதைவிட நல்லது இந்த விலையில் இல்லை. பறவைகள்தான் விருப்பம் என்றால் 55-250.

பக்கத்திலேயே கழுவெளி இருப்பதால் பறவை ஆசை யாருக்கும் வரும். 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்த இடம் அது. அங்கே போகிறவர்களுக்கு மா. கிருஷ்ணனின் படங்களைத் தேடிப் பார்க்கச் சொல்வேன். 1912-இல் பிறந்து 1996 வரை வாழ்ந்த அந்தத் தமிழர், வெவ்வேறு பாகங்களைத் தாமே இணைத்து அமைத்துக்கொண்ட கேமராவில், கறுப்பு வெள்ளையில் காட்டு விலங்குகளை எடுத்தார். விலங்கு அடுத்து என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம் கையில் இருக்கும் சாதாரண டிஜிட்டல் கேமராவின் வசதிகளில் பல அவர் காலத்தில் இல்லை.

பாத்திக்குள் மட்டும் இறங்காதீர்கள். "வரப்புல நின்னு எடு தம்பி, உள்ள கால் வெச்சா சேறு கலங்கி உப்பு கறுத்துப்போயிடும்" என்று ஓர் அம்மா எனக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மிதித்து மிதித்துக் கெட்டியாக்கிய தரை அது. அவர்களுடைய அன்றைய கூலி அதில் இருக்கிறது. கேட்டுவிட்டு எடுங்கள். நன்றாக வந்த படத்தை அச்சுப் போட்டு, அடுத்தமுறை போகும்போது அவர்கள் கையில் கொடுங்கள்.