கீறலை நகம் சொல்லும்

போர்ட் கொச்சி, மட்டாஞ்சேரியின் குறுகிய தெருக்களில் கார் ஓட்டும் நமக்குக் கீறல் புதிதன்று. காரைக் கழுவி, நிழலில் நிறுத்தி, கீறலின் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டிப் பார்ப்போம். நகம் சிக்காவிடில், கீறல் பெரும்பாலும் நிறத்தின் மேலுள்ள கிளியர் கோட் என்னும் மேற்பூச்சோடு நின்றிருக்கும். மைக்ரோஃபைபர் துணியில் சிறிது கார் பாலிஷ் இட்டு மென்மையாகத் தேய்த்துத் துடைத்து, மெழுகு பூசினால் போதும். அப்பூச்சு மயிரிழையினும் மெல்லியது. அளவு மீறித் தேய்த்தால் நிறமும் அழியும்.

நகம் சிக்கினாலோ தகடு தெரிந்தாலோ தேய்த்தல் பயன் தராது. கடலோர உப்புக்காற்றில் துரு விரைந்து பிடிக்கும். பெயின்ட் பட்டறையை உடனே நாடுவோம்.

சிறு கீறலுக்குக் காப்பீடு கோருமுன் ஒன்றை எண்ணுவோம்: சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 முதல் 50 சதவீதம் வரை கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸைப் பொதுவாக அதனால் இழப்போம்.