முடிவிலிக்கும் கணக்கு உண்டு

முடிவிலியைப் பற்றி யோசித்து யோசித்தே கியார்க் கேண்டருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்ற கதை காணொளிகளில் இன்றும் நன்றாக ஓடுகிறது. ஜெர்மனியின் ஹாலே நகரில் பேராசிரியராக இருந்த கேண்டர்தான் கணக் கோட்பாட்டை உருவாக்கியவர். 1884-இல் அவருடைய மனநிலை முதன்முறையாகப் பாதிக்கப்பட்டது உண்மை. 1918-இல் ஹாலே மனநல மருத்துவமனையில் இறந்ததும் உண்மை. இடைப்பட்ட காலத்தைத்தான் கதை சொல்பவர்கள் விழுங்கிவிடுகிறார்கள். 1890-இல் ஜெர்மன் கணிதச் சங்கம் உருவாக முன்னின்று, அதன் முதல் தலைவரானவர் அவர். 1891-இல் தன் புகழ்பெற்ற மூலைவிட்ட நிரூபணத்தை வெளியிட்டார். 1895-லும் 1897-லும் வெளிவந்த இரு பகுதிகளில் தன் கோட்பாட்டைத் தொகுத்து எழுதினார். 1904-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் சில்வெஸ்டர் பதக்கம் கிடைத்தது. பெர்லினில் இருந்த கணிதவியலாளர் க்ரோனெக்கர் காட்டிய எதிர்ப்பு அவரை நோகடித்தது என்னவோ நிஜம்தான். ஆனால் அவருக்கு இருந்தது இருமுனைக் கோளாறு போன்ற ஒரு நோய் என்பதே வரலாற்றாசிரியர்கள் பலரின் கணிப்பு. கணக்கு வாத்தியாருக்குச் சர்க்கரை வந்தால் இயற்கணிதத்தால் வந்தது என்று யாரும் சொல்வதில்லை.

அடுத்த நம்பிக்கை இன்னும் பரவலானது. முடிவிலி என்றால் முடிவிலிதான், அதில் பெரிதென்ன சிறிதென்ன என்பார்கள். கேண்டர் கேட்டது எளிய கேள்வி: இரண்டு கணங்களின் உறுப்புகளை ஒன்றுக்கொன்று மீதமில்லாமல் ஜோடி சேர்க்க முடியுமா? 1-க்கு 2, 2-க்கு 4, 3-க்கு 6 என்று இயல் எண்களையும் இரட்டை எண்களையும் ஜோடி சேர்க்கலாம். ஆகவே இரண்டும் ஒரே அளவு. பின்னங்களையும் இப்படி வரிசைப்படுத்த முடியும். தசமங்களாக எழுதக்கூடிய எல்லா எண்களையும், அதாவது மெய்யெண்களை, முடியாது: எப்படிப் பட்டியலிட்டாலும் ஏதாவது ஒன்று விடுபடும். இதை 1873 டிசம்பரில், சக கணிதவியலாளர் டெடெகிண்டுக்கு எழுதிய கடிதத்தில் கேண்டர் நிறுவினார்.

விடுபட்ட எண்ணையும் பட்டியலில் சேர்த்துவிட்டால் போயிற்று என்று சிலர் மடக்கப் பார்ப்பார்கள். மூலைவிட்ட முறை அதற்கும் பதில் வைத்திருக்கிறது. மெய்யெண்களின் எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும், முதல் எண்ணின் முதல் தசம இலக்கத்தை மாற்று, இரண்டாம் எண்ணின் இரண்டாம் இலக்கத்தை மாற்று, இப்படியே போ. கிடைக்கும் புதிய எண் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் இடத்திலாவது வேறுபடும். அதைச் சேர்த்தால் அது வேறொரு பட்டியல். அதற்கும் அதே சிகிச்சை.

இங்கே ஒரு சின்ன விலகல். பூரணத்திலிருந்து பூரணத்தைக் கழித்தாலும் பூரணமே மிஞ்சும் என்னும் ஈசாவாஸ்ய உபநிடதத்தின் சாந்தி மந்திரத்தைக் கணக் கோட்பாட்டின் முன்னோடி என்று மேடைகளில் சொல்வதுண்டு. அந்த மந்திரத்தின் தத்துவம் வேறு, கணிதம் வேறு. இயல் எண்களிலிருந்து இரட்டை எண்களை நீக்கினால் ஒற்றை எண்கள் மிஞ்சும், அது முடிவிலி. அதே இயல் எண்களிலிருந்து 4-ம் அதற்கு மேற்பட்டவையும் நீங்கினால் மிஞ்சுவது மூன்றே எண்கள். இரண்டு முறையும் கழிக்கப்பட்டது ஒரே அளவு முடிவிலி. விடை மட்டும் வேறு. அதனால்தான் முடிவிலிகளுக்குக் கூட்டலும் பெருக்கலும் வகுத்த கேண்டரின் கணக்கில் கழித்தலுக்குப் பொதுவான விதி இல்லை.

படித்தவர்களையே ஏமாற்றிய பிழை ஒன்றும் உண்டு. இயற்பியலாளர் ஜார்ஜ் காமோவ் 1947-இல் எழுதிய ‘ஒன், டூ, த்ரீ... இன்ஃபினிட்டி’ உலகெங்கும் மாணவர்களைக் கணிதத்தின் பக்கம் இழுத்த அருமையான புத்தகம். அதில், இயல் எண்களின் அளவான அலெஃப்-பூஜ்ஜியத்துக்கு அடுத்த முடிவிலியான அலெஃப்-ஒன்றுதான் ஒரு கோட்டிலுள்ள புள்ளிகளின், அதாவது மெய்யெண்களின், எண்ணிக்கை என்று சர்வசாதாரணமாக எழுதிவிட்டார். அது நிரூபிக்கப்பட்ட உண்மை அல்ல. கேண்டர் 1878-இல் முன்வைத்து, கடைசிவரை நிறுவ முடியாமல் போன தொடர்மக் கருதுகோளே அதுதான். 1900-இல் பாரிஸ் மாநாட்டில் கணிதவியலாளர் ஹில்பர்ட் அறிவித்த பிரச்சினைகளில் முதலாவதும் அதுவே.

1938-இல் குர்ட் கோடல், கணிதத்தின் வழக்கமான அடிகோள்களை (நிரூபணமின்றி ஏற்கும் தொடக்க விதிகளை)க் கொண்டு இந்தக் கருதுகோளைப் பொய்யென்று நிறுவ முடியாது எனக் காட்டினார். 1963-இல் பால் கோஹென், மெய்யென்றும் நிறுவ முடியாது எனக் காட்டினார். மூன்று ஆண்டு கழித்து அவருக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. இதிலிருந்துதான் இன்றைய கட்டுக்கதை முளைத்தது: கேள்வி முடிந்துவிட்டது, அவரவர் இஷ்டத்துக்கு எதையும் வைத்துக்கொள்ளலாம்.

எதையும் வைத்துக்கொள்ள முடியாது. கோட்டுப் புள்ளிகளின் அளவு அலெஃப்-இரண்டாகவோ அலெஃப்-பதினேழாகவோ இருக்க அடிகோள்கள் இடம் தருகின்றன. ஆனால் அந்த அலெஃப் வரிசை முழுவதையும் தாண்டியவுடன் வரும் அலெஃப்-ஒமேகாவாக இருக்கவே முடியாது. ஹங்கேரியரான கோனிக் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவிய தேற்றம் அதைத் தடுக்கிறது. தீர்மானிக்க முடியாதோ என்று பலர் எண்ணிய கேள்விகளில் சில தீர்ந்தும் இருக்கின்றன. பி, டி என்று குறிக்கப்படும் இரு முடிவிலிகள் சமமா என்ற பழைய கேள்விக்கு, மரியாந்தே மல்லியாரிஸும் சஹரோன் ஷெலாவும் வழக்கமான அடிகோள்களுக்குள்ளேயே விடை கண்டார்கள். இரண்டும் சமம்தான். 2017-இல் அதற்கு ஹவுஸ்டார்ஃப் பதக்கம் தரப்பட்டபோது, செய்தித் தலைப்பை மட்டும் பார்த்தவர்கள் எல்லா முடிவிலிகளும் ஒன்றே என்று புரிந்துகொண்டால் அதற்கு அந்த இருவரும் பொறுப்பல்ல.

புதிய அடிகோள்களைத் தேடும் வேலையும் ஓய்ந்துவிடவில்லை. டேவிட் அஸ்பெரோவும் ரால்ஃப் ஷிண்ட்லரும் 2021-இல் ‘அனல்ஸ் ஆஃப் மேத்தமேடிக்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரையில், அதுவரை போட்டியாளர்களாகக் கருதப்பட்ட இரண்டு அடிகோள்களில் ஒன்றிலிருந்தே மற்றது கிடைத்துவிடும் என்று காட்டினார்கள். இரண்டுமே கோட்டின் அளவு அலெஃப்-இரண்டு என்கின்றன. அவற்றில் ஒன்றை உருவாக்கிய ஹியூ வுடினோ, பல ஆண்டுகளாக எதிர்த்திசையில், தொடர்மக் கருதுகோள் மெய்யாகும் ஒரு கட்டமைப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

நிறுவவோ மறுக்கவோ முடியாத கூற்றுகள் இருக்கும் என்று சொன்ன கோடலின் 1931 முழுமையின்மைத் தேற்றம் கணிதத்தையே நம்ப முடியாததாக ஆக்கிவிட்டது என்பதும் மிகை. முரணில்லாத, அடிகோள்களை இயந்திரம்போலப் பட்டியலிடக்கூடிய, எண்கணிதத்துக்குப் போதுமான அமைப்புகளைப் பற்றியதே அந்தத் தேற்றம். கூட்டல் மட்டும் உள்ள எண்கணிதம் முழுமையானது என்று 1929-லேயே பிரெஸ்பர்கர் நிறுவியிருந்தார்.

சரி, முடிவிலியால் சாதாரண எண்களுக்கு என்ன லாபம்? 1944-இல் ரூபன் குட்ஸ்டைன் காட்டிய விளையாட்டைப் பார்க்கலாம். 4-ஐ இரண்டின் அடுக்காக, 2-இன் அடுக்கு 2 என்று எழுதுங்கள். எல்லா 2-ஐயும் 3 ஆக்குங்கள்: 27. ஒன்றைக் கழித்தால் 26. அதை மூன்றின் அடுக்குகளாகப் பிரித்து, 3 வரும் இடமெல்லாம் 4 போட்டால் 42. ஒன்றைக் கழித்தால் 41. அடுத்து 60, பிறகு 83, பிறகு 109. எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. எந்த எண்ணில் தொடங்கினாலும் இந்த வரிசை ஒரு நாள் பூஜ்ஜியத்தில் வந்து முடியும் என்றார் குட்ஸ்டைன். அதை நிறுவ, ஒவ்வொரு படியிலும் அடியெண் இருந்த இடத்தில் கேண்டரின் முடிவிலா வரிசையெண்ணை வைத்தார். அந்த வரிசையெண்கள் முடிவில்லாமல் இறங்கிக்கொண்டே இருக்க முடியாது, அவ்வளவுதான் நிரூபணம். முடிவிலியின் துணையின்றி, எண்கணிதத்தின் வழக்கமான பியானோ அடிகோள்களை மட்டும் வைத்து இதை நிறுவவே முடியாது என்று 1982-இல் கிர்பி, பாரிஸ் என்ற இரு கணிதவியலாளர்கள் காட்டினார்கள். 4-இல் தொடங்கும் வரிசை பூஜ்ஜியத்தை எட்ட எத்தனை படிகள் வேண்டும் என்பதும் தெரியும். அந்த எண்ணை எழுதினால் இலக்கங்கள் மட்டும் 12 கோடிக்கு மேல்.