பாறைப் பிளவில் பொன் வந்த வழி: ரவூப், கோலார் சொல்லும் பாடம்

முன்னுரை

மதுரை நகரின் பொன் வணிகர் வீதியைச் சொல்லுமிடத்தில் சிலப்பதிகாரம் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என நால்வகைப் பொன்னைக் குறிப்பிடுகிறது. பொன்னின் வகையையும் மாற்றையும் நன்கு அறிந்தவர்கள் நம் முன்னோர். ஆனால், அந்தப் பொன் பாறைக்குள் எப்படி வந்து சேர்ந்தது? எத்தனையோ வெள்ளைக் கற்கள் கிடக்கும் மலையில் பொன் உள்ள கல்லை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பகாங் மாநிலத்து ரவூப்பையும், தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கர்நாடகத்துக் கோலார் தங்க வயலையும் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொன் எங்கும் உண்டு, பயன் எங்கோதான்

பூமியின் மேலோட்டுப் பாறைகளில் பொன் எங்கும் பரவிக் கிடக்கிறது. ஆனால், ஒரு டன் பாறைக்குச் சில மில்லிகிராம் மட்டுமே. டன்னுக்கு 4 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பவுன் அதாவது 8 கிராம் பொன்னுக்கு 2,000 டன் பாறையை உடைக்க வேண்டும். இது யாருக்கும் கட்டுப்படியாகாது. டன்னுக்கு 5 கிராம் பொன் இருந்தால் 1,600 கிலோ பாறையே போதும். ஆக, சுரங்கம் தோண்டத் தகுந்த இடம் என்பது, இயற்கை பொன்னை ஆயிரம் மடங்குக்கு மேல் ஓரிடத்தில் திரட்டி வைத்த இடமாகும்.

இப்படித் திரட்டி வைக்கப்பட்ட இடங்களுள் முக்கியமானவை குவார்ட்ஸ் நாளங்கள். குவார்ட்ஸ் என்பது சிலிக்காவால் ஆன வெண்ணிறக் கனிமம். உடலில் இரத்த நாளம் ஓடுவதுபோல, வேறு பாறையின் பிளவுகளை நிரப்பிக்கொண்டு வரிவரியாக ஓடுவதால் அதனை நாளம் என்கிறோம்.

நாளம் உருவாகும் முறை

இரண்டு நிலத்தட்டுகள் மோதும்போது அடியில் உள்ள பாறைகள் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் உருமாறுகின்றன. அப்போது அவற்றிலுள்ள கனிமங்களில் அடைபட்டிருந்த நீர் பிரிந்து வெளியேறுகிறது. அந்நீருடன் கரியமில வாயுவும் சிறிதளவு கந்தகமும் கலந்திருக்கும். பொன் சாதாரண நீரில் கரைவது அரிது. ஆனால், ஏறத்தாழ 300 முதல் 400 பாகை செல்சியஸ் வெப்பத்தில், கந்தகத்துடன் கூட்டுச் சேர்ந்து இந்நீரில் கரைந்து பயணம் செய்கிறது.

இந்த வெந்நீர் மேலே ஏற வழி தேடும். நில அசைவால் பாறை உடைந்து நழுவிய பெரும்பிளவுகளே அதற்கு வழி. பிளவு மூடியிருக்கும்போது நீரின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். தாங்க முடியாத அளவை எட்டியதும் நிலநடுக்கத்துடன் பிளவு திறக்கும்; அழுத்தம் சட்டென்று குறையும். அந்த நொடியில் கரைந்திருந்த சிலிக்காவும் பொன்னும் படிகின்றன. படிந்த குவார்ட்ஸ் பிளவை மீண்டும் அடைக்கும். பின்னர் அழுத்தம் மறுபடியும் ஏறும். வீட்டில் பிரஷர் குக்கர் விசில் அடிப்பதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். இந்நிகழ்வு பலமுறை நடந்தால்தான் வளமான நாளம் உருவாகும்.

சுற்றியுள்ள பாறைக்கும் இதில் பங்குண்டு. கோலாரில் இரும்புச்சத்து மிகுந்த கரும்பாறைகள் உள்ளன. இரும்பு, நீரிலுள்ள கந்தகத்தைத் தன்பால் இழுத்துப் பைரைட் என்னும் கனிமமாக மாறும். துணையை இழந்த பொன் கரைசலிலிருந்து பிரிந்துவிடும். ரவூப் வட்டாரத்தில் கரிமம் கலந்த களிப்பாறைகளும் பொன்னைப் படியவைக்க உதவின.

மற்றொரு விளக்கமும் அண்மையில் கிடைத்துள்ளது. குவார்ட்ஸை அழுத்தினால் அதில் சிறிது மின்சாரம் தோன்றும். நிலநடுக்கத்தின்போது தோன்றும் இந்த மின்சாரம் கரைசலிலுள்ள பொன்னைக் குவார்ட்ஸ்மீது படியவைத்துக் கட்டியாக வளர்க்கக்கூடும் என மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் ஆய்வகச் சோதனை வழி எடுத்துக்காட்டினர்.

தேடும் முறை

மேற்கண்ட விளக்கத்திலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. பொன் தேடும் புவியியலாளர் முதலில் தேட வேண்டியது பாறை உடைந்த இடத்தையே.

தீபகற்ப மலேசியாவில் அத்தகைய பெரிய தடம் ஒன்று உண்டு. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இடையிலிருந்த பழங்கடல் மூடி, இரண்டு நிலப்பகுதிகள் ஒன்றோடொன்று மோதி இணைந்தன. துணியின் தையல்போல வடக்கு தெற்காக ஓடும் அந்த இணைப்புக்குப் பெந்தோங்–ரவூப் பெயரே வைக்கப்பட்டுள்ளது. அதன் கிழக்கே உள்ள பொன் வளையத்தில்தான் ரவூப், செலின்சிங், பெஞ்சோம் ஆகிய சுரங்கங்கள் அமைந்தன.

வட்டாரம் தெரிந்தபின் அடுத்த கட்டம் ஆற்று மணலை அரித்தல். பொன்னின் அடர்த்தி 19.3, குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. ஆகவே டூலாங் தட்டில் மணலை நீரோடு சுழற்றினால் பொன்துகள் அடியில் தங்கும். துகள் கிடைத்தால் ஆற்றின் மேற்புறம் நோக்கி நடந்து, எந்தக் கிளையோடையில் அது நின்றுபோகிறது என்று பார்ப்பார்கள். மழை மிகுந்த நம் நாட்டில் பாறைகள் மட்கிச் செம்மண்ணாகிவிட்டாலும் குவார்ட்ஸ் எளிதில் மட்காது. கிடைத்த துண்டுகளின் விளிம்பு கூர்மையாக இருந்தால் நாளம் அருகில் உள்ளது என்றும், உருண்டையாக இருந்தால் தொலைவிலிருந்து வந்தது என்றும் கொள்ளலாம்.

பிறகு மண்ணைக் கட்டம் கட்டமாக எடுத்துச் சோதிப்பர். பொன்னைக் காட்டிலும் அதனோடு கூடவே வரும் ஆர்செனிக் அகலமாகப் பரவியிருக்கும். எனவே அதுவே நல்ல வழிகாட்டி. ஆர்செனிக் மிகுந்த இடத்தில் நாளத்துக்குக் குறுக்கே பள்ளம் வெட்டுவர். இறுதியில் வைரமுனைத் துளைக்கருவியால் சாய்வாகத் துளையிட்டுக் கல்லை உருளையாக வெளியே எடுப்பர்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. தூய வெண்மையாகத் தடித்து நிற்கும் குவார்ட்ஸ் பெரும்பாலும் வெறுங்கல்லே. கரும்பட்டைகள் அடுக்கடுக்காக ஓடும் கல், பைரைட் மட்கித் துருக்கறை படிந்த கல் ஆகியவையே நம்பிக்கை தருபவை. ஒவ்வொரு பட்டையும் பிளவு ஒருமுறை திறந்து மூடியதன் சுவடு ஆகும். அப்படியும் ஒரு சாண் இடைவெளியில் எடுத்த இரு மாதிரிகளில் ஒன்றில் பொன் மிகுந்தும் மற்றொன்றில் ஏதுமின்றியும் இருக்கலாம். ஒரே ஒரு கல்லைக் காட்டிப் பங்கு விற்பவரை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

ரவூப்

கையால் அள்ளுதல் என்னும் பொருளுடைய மலாய்ச் சொல்லிலிருந்து ரவூப் என்ற பெயர் வந்ததாகக் கூறுவர். 1889இல் வில்லியம் பிபி தொடங்கிய ரவூப் ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்க நிறுவனம் புக்கிட் கோமான் முதலிய இடங்களில் நாளங்களைத் தோண்டியது. சுரங்கத்தின் தேவைக்காகச் செம்பாம் ஆற்றில் 1900இல் நீர்மின் நிலையமும் அமைந்தது. சுரங்கம் 1961இல் மூடப்பட்டது.

மூடினாலும் கதை முடியவில்லை. அன்றைய தொழில்நுட்பம் விட்டுச்சென்ற கழிவில் இன்னும் பொன் இருந்தது. அதைச் சயனைடு கொண்டு பிரிக்கும் ஆலை 2009இல் இயங்கத் தொடங்கியபோது, புக்கிட் கோமான் மக்கள் தங்கள் உடல்நலம் கருதி எதிர்த்துப் போராடினர். பெஞ்சோமில் சிக்கல் வேறு விதமானது. அங்குள்ள பாறையின் கரிமம், சயனைடு கரைசலில் கரைந்த பொன்னைத் தானே மீண்டும் உறிஞ்சிக்கொண்டது.

கோலார்

கோலார் நாளங்கள் 250 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட பாறைகளில் உள்ளவை. ஊர்மக்கள் அங்கே மண்ணை அரித்துப் பொன் எடுப்பதை ஆங்கிலேயப் படை அதிகாரி ஜான் வாரன் 1802இல் பதிவு செய்தார். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கு நவீனச் சுரங்கங்களை நடத்தினர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள் அவற்றில் இறங்கினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அந்த ஆழத்தின் வெப்பத்தையும், அழுத்தத்தால் பாறை வெடித்துச் சிதறும் ஆபத்தையும் அவர்கள் நாள்தோறும் எதிர்கொண்டனர்.

தொடக்க ஆண்டுகளில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த பொன், இறுதியில் ஏறத்தாழ 3 கிராமாகக் குறைந்தது. நம் கணக்கில் சொன்னால், ஒரு பவுனுக்கு 200 கிலோ கல் போதும் என்றிருந்த நிலை மாறி, ஏறத்தாழ 2,700 கிலோ தேவைப்பட்டது. அதையும் மிக ஆழத்திலிருந்து மேலே கொண்டுவர வேண்டும். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அங்கு வாழ்ந்த குடும்பங்களில் பலர் இன்று வேலைக்காக இரயிலேறி நாள்தோறும் பெங்களூரு சென்று திரும்புகின்றனர்.

முடிவுரை

தாது என்பது கல்லின் இயல்பை மட்டும் பொறுத்ததன்று. பொன்னின் அளவு, ஆழம், சந்தை விலை ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒரு கல்லைத் தாது ஆக்குகின்றன. விலை ஏறினால் நேற்றைய கழிவும் தாதுவாகும். அளவு குறைந்தால் ஓர் ஊரே வேலையிழக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பாறை எங்கே, எத்தனை முறை உடைந்தது என்பதே ரவூப்பும் கோலாரும் பிறந்ததற்கும் ஓய்ந்ததற்கும் அடிப்படை. தமிழ் மாணவர்கள் புவியியல் துறையிலும் கால் பதிக்க வேண்டும். பொன்னை மாற்றுரைத்துப் பார்த்த சமூகம், அதற்காகப் பாறைக்குள் இறங்கிய சமூகம், இனி அதனை எங்கே தோண்டலாம், எங்கே தோண்டாமல் விடலாம் என்று முடிவு செய்யும் இடத்திலும் அமர வேண்டும்.