தாய்க்கோழி தரும் காப்பு

தாய்க்கோழி மண்ணைக் கிளறி இரை தேட, குஞ்சுகள் பின்தொடர்ந்து கொத்தித் தின்பது சிற்றூர்களில் அன்றாடக் காட்சியாகும். அவ்வாறு கொத்தும்போது தாயின் எச்சத்திலுள்ள நுண்ணுயிரிகளும் குஞ்சின் குடலைச் சென்றடைகின்றன. அருவருப்பாகத் தோன்றும் இந்நிகழ்வே குஞ்சின் உடல்நலத்திற்கு அடித்தளமாக அமைகிறது.

குடலில் நிகழும் பணி

கோழியின் சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் பை போன்ற இரு கிளைகள் உள்ளன. நுண்ணுயிரிகள் மிகுதியாக வாழும் இடம் இதுவே. கோழியால் செரிக்க இயலாத நார்ப்பொருள்களை அவை நொதிக்கச் செய்து எளிய அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றுள் ஒன்றாகிய பியூட்டிரிக் அமிலம் குடற்சுவரின் செல்களுக்கு உணவாகிறது. குடற்சுவர் நலமாக இருந்தால்தான் உண்ட தீவனத்தின் சத்து உடலில் சேரும். கறிக்கோழியின் எடையும் முட்டைக்கோழியின் முட்டையும் அதனைச் சார்ந்தவை. மேலும், நன்மை செய்யும் நுண்ணுயிரிகள் குடலில் முன்னரே இடம்பிடித்துவிட்டால், பின்னர் வரும் நோய்க்கிருமிகளுக்கு இடமும் உணவும் எளிதில் கிடைப்பதில்லை.

பின்லாந்து தந்த பாடம்

குஞ்சு பொரிப்பகங்களில் முட்டைகளை அடைகாப்பது இயந்திரம். அங்குப் பிறக்கும் குஞ்சு தாயைக் காண்பதில்லை. தாயின் நுண்ணுயிரிகளையும் பெறுவதில்லை. இதனால் விளையும் தீங்கு 1971ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டில் வெளிப்பட்டது. அந்நாட்டின் கறிக்கோழிப் பண்ணைகளில் சால்மோனெல்லா என்னும் கிருமி பரவியது. இறைச்சி வழியாக மனிதரையும் நோயுறச் செய்யவல்லது அக்கிருமி.

வளர்ந்த கோழிகளைவிட இளங்குஞ்சுகளை அது எளிதில் பற்றுவதற்கான காரணத்தை எஸ்கோ நூர்மி, ரன்டாலா ஆகிய இரு அறிவியலாளர்கள் ஆராய்ந்தனர். நலமுள்ள வளர்ந்த கோழியின் குடலிலிருந்து எடுத்த பொருளைப் புதிதாகப் பொரித்த குஞ்சுகளுக்கு வாய்வழியே புகட்டினர். பின்னர்ச் சால்மோனெல்லாவைச் செலுத்தியபோது அக்குஞ்சுகள் தொற்றை எதிர்த்து நின்றன. இம்முடிவு 1973இல் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று.

மருந்தும் மாற்றும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல், கோழிகள் விரைந்து வளர்வதற்காகத் தீவனத்தில் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளைச் சிறிதளவு கலக்கும் வழக்கம் பல நாடுகளில் பரவியது. அம்மருந்துகள் நன்மை செய்யும் நுண்ணுயிரிகளையும் அழிக்கின்றன. அவற்றுக்குத் தப்பிப் பிழைக்கும் கிருமிகளோ மருந்தை எதிர்க்கும் ஆற்றலுடன் பெருகுகின்றன. அத்தகைய கிருமி மனிதரைத் தாக்கினால், உயிர்காக்க வேண்டிய மருந்து பயனற்றுப் போகும்.

இதனை உணர்ந்து சுவீடன் 1986இலும் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006இலும் வளர்ச்சிக்காக இம்மருந்துகளைத் தீவனத்தில் சேர்ப்பதைத் தடை செய்தன. மனிதருக்குக் கடைசிப் புகலாக விளங்கும் கோலிஸ்டின் மருந்தை, உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் பயன்படுத்துவதை இந்தியா 2019இல் தடை செய்தது.

இன்று நன்மை செய்யும் நுண்ணுயிரிகளைக் குடிநீரிலும் தீவனத்திலும் கலந்து குஞ்சுகளுக்குக் கொடுக்கும் முறை வளர்ந்து வருகிறது. ஆயினும், கொட்டகைத் தூய்மையும் நல்ல நீரும் தரமான தீவனமும் இன்றி அது மட்டும் பயன் தாராது. தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குஞ்சுக்குத் தாய் தந்திருக்கக்கூடிய காப்பைத் தேடித் தருவது, அதனை வளர்ப்போரின் கடமையாகும். அக்கடமையில் உண்போரின் நலமும் அடங்கியுள்ளது.