இம்மாதப் பாடம்: கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வி!



போன மாதம் நம் கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து, தீர்மானப் புத்தகத்தில் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தோம். அப்போது ஓர் ஊக்குநர் சகோதரி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே, "ஒண்ணு கேக்கணும், தப்பா நினைக்காதீங்க" என்றார்.

அவருடைய கணவர் கொத்தனார். ஒரு நாள் இரவு வேலை முடிந்து வரும்போது டூ வீலரில் இருந்து விழுந்து தலையில் அடி. 108 ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஆளுக்கு நினைவு இல்லை. அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் நின்று அழுதுகொண்டு இருந்தபோது, ஒரு டாக்டர் நாலு பக்கத் தாளை நீட்டி ஏதோ சொன்னார். "ஆராய்ச்சி" என்ற ஒரு வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. கூட வந்த கொழுந்தனார், "போட்டுடுங்க அண்ணி, இல்லன்னா பார்க்க மாட்டாங்க" என்றார். போட்டுவிட்டார்.

கணவர் பிழைத்து, இன்று மறுபடியும் வேலைக்குப் போகிறார். ஆனால் சகோதரியின் மனசு ஆறவில்லை. "பேங்க் லோன் பத்திரத்தை வரி வரியாப் படிச்சுக் காட்டாம குழுவுல ஒருத்தரையும் கையெழுத்துப் போட விடமாட்டேன். என் வீட்டுக்காரர் உசுரு விஷயத்துல படிக்காமப் போட்டுட்டேனே. அவரை வச்சு சோதனை பண்ணிட்டாங்களா?"

கூட்டத்தில் யாருக்கும் பதில் தெரியவில்லை. அதனால்தான் இந்தப் பாடம்.

நல்ல மருந்துன்னு நம்பினது...

"டாக்டருக்குத் தெரியாததா? தெரிஞ்ச மருந்தைப் போட வேண்டியதுதானே, ஆராய்ச்சி எதுக்கு?" என்று நாம் நினைக்கிறோம். நியாயமான கேள்விதான். இதற்கு ஓர் உண்மைச் சம்பவத்தைப் பார்ப்போம்.

தலையில் பலமாக அடிபட்டால் மூளை வீங்கும். வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு என்ற வகை மருந்தை உலகம் முழுக்க 30 வருஷத்துக்கும் மேலாகப் பல டாக்டர்கள் கொடுத்து வந்தார்கள். வீக்கம் குறைந்தால் ஆள் பிழைப்பார் என்பது அவர்கள் நம்பிக்கை. கேட்கச் சரியாகத்தானே இருக்கிறது? ஆனால் அது உண்மையா என்று பெரிய அளவில் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

லண்டனில் உள்ள ஒரு மருத்துவ ஆய்வுக் கல்லூரியைச் சேர்ந்த இயான் ராபர்ட்ஸ் என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும், 1999-ல் 'கிராஷ்' என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். 49 நாடுகளில் 239 ஆஸ்பத்திரிகள் சேர்ந்தன. தலையில் அடிபட்டு வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். மீதிப் பாதிப் பேருக்கு, பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் மருந்து இல்லாத திரவத்தைக் கொடுத்தார்கள். மற்ற சிகிச்சை எல்லாமே இரண்டு பக்கத்துக்கும் வழக்கம்போல நடந்தது.

20,000 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். ஆனால் 2004-ல், 10,008 பேர் சேர்ந்த நிலையிலேயே ஆய்வை நிறுத்திவிட்டார்கள். ஏன் தெரியுமா? நம் குழுக் கணக்குக்குத் தணிக்கை இருப்பது போல, ஆய்வுக்கும் வெளியில் இருந்து ஒரு கண்காணிப்புக் குழு உண்டு. அவர்கள் இடையில் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். மருந்து இல்லாத பக்கம் 2 வாரத்துக்குள் இறந்தவர்கள் 100-க்கு சுமார் 18 பேர். ஸ்டீராய்டு போட்ட பக்கம் 100-க்கு சுமார் 21 பேர்!

அதாவது, காப்பாற்றும் என்று நம்பிக் கொடுத்த மருந்து, 100-க்கு 3 பேரைக் கூடுதலாகச் சாகடித்து இருக்கிறது. கொடுத்த டாக்டர்கள் கெட்டவர்கள் இல்லை. நல்லது என்று நம்பித்தான் கொடுத்தார்கள். ஆனால் நம்பிக்கை வேறு, நிரூபணம் வேறு. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொன்னது மருத்துவத்துக்கும் பொருந்தும்.

குலுக்கல் எதற்கு?

"யாருக்கு மருந்து, யாருக்கு இல்லைன்னு யார் முடிவு பண்றது?" என்று கேட்பீர்கள். டாக்டரே தேர்ந்தெடுத்தால், பிழைப்பார் என்று தோன்றும் ஆளுக்கு மட்டும் மருந்தைப் போட்டுவிடலாம். பிறகு மருந்தால் பிழைத்தாரா, அடி லேசாக இருந்ததால் பிழைத்தாரா என்று சொல்ல முடியாது. அதனால் இதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்கிறார்கள். சீட்டுக் குலுக்கிப் போடும்போது தலைவிக்கும் கடைசி உறுப்பினருக்கும் ஒரே வாய்ப்புதானே? அது போலத்தான். பெரும்பாலும் யாருக்கு எது வந்தது என்று நோயாளிக்கும் தெரியாது, மருந்து போடும் டாக்டருக்கும் தெரியாது. இதனால் யாருடைய விருப்பு வெறுப்பும் கணக்கில் கலப்பதில்லை.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. எந்தப் பக்கம் நல்லது என்று உண்மையிலேயே தெரியாத நிலையில்தான் குலுக்கல் போடலாம். நன்மை என்று ஏற்கெனவே நிரூபித்த சிகிச்சையைக் குலுக்கலுக்காகத் தடுத்து வைக்கக் கூடாது.

முதுகில் குழந்தை, கையில் ஆராய்ச்சி

அடுத்தது ஒரு நல்ல செய்தி. ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோ என்ற பெண் விஞ்ஞானி இருந்தார். பிரசவத்தில் ரத்தப்போக்கால் தாய்மார்கள் சாவதைத் தடுக்க ஒரு மருந்து வேண்டும் என்பது அவர் ஆசை. மகளை முதுகில் கட்டிக்கொண்டே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். கணவர் ஷோசுகேயுடன் சேர்ந்து 'டிரானெக்சாமிக் ஆசிட்' என்ற மருந்தைக் கண்டுபிடித்து 1962-ல் வெளியிட்டார். உறைந்த ரத்தம் சீக்கிரம் கரைந்து போகாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. ஆனால் பிரசவத்தில் இதைச் சோதித்துப் பார்க்க அங்குள்ள பிரசவ டாக்டர்கள் அப்போது முன்வரவில்லை.

பல வருஷம் கழித்து, முன்னே சொன்ன அதே லண்டன் குழுவினர் இந்த மருந்தை எடுத்தார்கள். விபத்தில் ரத்தம் போகிறவர்களுக்கு இது உதவுமா என்று 'கிராஷ்-2' ஆய்வை நடத்தினார்கள். 40 நாடுகள், 274 ஆஸ்பத்திரிகள், 20,211 பேர். நம் இந்தியாவிலும் பல ஆஸ்பத்திரிகள் இதில் சேர்ந்தன. 2010-ல் முடிவு வந்தது. மருந்து இல்லாத பக்கம் 100-க்கு 16 பேர் இறந்தார்கள். மருந்து போட்ட பக்கம் 14.5 பேர். வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் 1,000 பேருக்கு 15 உயிர் என்று போட்டுப் பாருங்கள். அந்த 15 பேரில் ஒருவர் நம் வீட்டு ஆளாக இருந்தால்?

ஒகமோட்டோ ஆசைப்பட்ட பிரசவ ஆய்வும் கடைசியில் நடந்தது. 21 நாடுகளில் 20,060 தாய்மார்கள் கலந்துகொண்டார்கள். இந்த ஊசியை 3 மணி நேரத்துக்குள் போட்டவர்களில் ரத்தப்போக்கால் ஏற்பட்ட சாவு குறைந்தது என்று 2017-ல் முடிவு வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. 2016-ல், 98 வயதில் காலமாகிவிட்டார்.

அந்த 3 மணி நேரம்

இந்த ஆய்வுகள் சொன்ன இன்னொரு முக்கிய விஷயம் நேரம். விபத்தில் அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் பலன் அதிகம். 3 மணி நேரத்துக்குள் என்றாலும் பலன் உண்டு. 3 மணி நேரம் தாண்டினால், அதே ஊசியால் கெடுதல் வரக்கூடும் என்று 2011-ல் தெரிந்தது. வயிற்றுக்குள், குடலுக்குள் ரத்தம் கசிகிறவர்களுக்கும் இதே மருந்தைப் போட்டுப் பார்த்தார்கள். 2020-ல் வந்த முடிவு: சாவு குறையவில்லை. ஒரு இடத்தில் உயிர் காத்தது இன்னொரு இடத்தில் உதவவில்லை! ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டி இருப்பது இதனால்தான்.

ஆகவே, "எனக்கு அந்த ஊசி போடுங்க" என்று நாமாகக் கேட்கக் கூடாது. அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். நம் வேலை இரண்டு. தாமதம் இல்லாமல் 108-ஐக் கூப்பிடுவது ஒன்று. அடிபட்ட நேரத்தை, பிரசவம் ஆன நேரத்தைச் சரியாகச் சொல்வது இன்னொன்று. "சாயங்காலம்" என்றால் போதாது, "ஆறரை மணி" என்று சொல்ல வேண்டும்.

தாளை நீட்டினால் என்ன செய்வது?

அவசர சிகிச்சைப் பிரிவில் இரண்டு விதமான தாள் வரலாம். ஒன்று, ஆபரேஷன் போன்ற சிகிச்சைக்குச் சம்மதம். இன்னொன்று, ஆய்வில் சேரச் சம்மதம். இரண்டும் வேறு வேறு. நோயாளிக்கு நினைவு இல்லாவிட்டால், ஆய்வுத் தாளில் நெருங்கிய உறவினரைக் கையெழுத்துக் கேட்பார்கள். அப்போது இந்த 6 கேள்விகளைக் கேளுங்கள்:

1. இது சிகிச்சைக்கா, ஆய்வுக்கா?

2. எதைச் சோதிக்கிறீர்கள்? அதனால் என்ன நல்லது, என்ன கெடுதல் வரலாம்?

3. வேண்டாம் என்றால் வழக்கமான சிகிச்சை உண்டுதானே? (கட்டாயம் உண்டு. ஆய்வில் சேராவிட்டாலும், பாதியில் விலகினாலும், சிகிச்சையை நிறுத்தக் கூடாது. அவசரமாக வருபவரின் உயிரைக் காப்பது ஒவ்வொரு டாக்டரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.)

4. இதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா? (ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் குழு இது. மருத்துவத் துறையில் இல்லாத வெளியாட்களும் இதில் இருப்பார்கள். அவர்களைத் தொடர்புகொள்ளும் விவரம் தாளில் இருக்க வேண்டும்.)

5. ஆய்வினால் பாதிப்பு வந்தால் யார் பொறுப்பு? (மருந்துப் பரிசோதனைக்கான 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி இலவச சிகிச்சை தர வேண்டும். பாதிப்பு ஆய்வினால் வந்தது என்றால் இழப்பீடும் உண்டு.)

6. எனக்கு ஒரு நகல் தருவீர்களா?

படிக்கத் தெரியாதவர் என்றால் வெட்கப்பட வேண்டாம், சொல்லிவிடுங்கள். ஆய்வுக்குச் சம்பந்தம் இல்லாத ஒரு சாட்சி கூடவே இருந்து, முழுவதும் விளக்கிச் சொன்னார்கள் என்று அவரும் கையெழுத்துப் போட வேண்டும். கைநாட்டு வைக்கிறவருக்கும் இதே உரிமைதான். நோயாளிக்கு நினைவு திரும்பியதும் அவரிடமும் விஷயத்தைச் சொல்லி, அவருடைய சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் ஐ.சி.எம்.ஆர். நெறிமுறை சொல்கிறது.

"இத்தனை கேள்வி கேட்க அங்கே நேரம் ஏது?" என்கிறீர்களா? உண்மைதான். அந்த வாசலில் நிற்கும்போது நமக்குப் பேச்சே வராது. அதனால்தான் இப்போதே, குழுவில் உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். ஆறும் கேட்க முடியாவிட்டால் முதல் கேள்வியையும் மூன்றாவது கேள்வியையுமாவது கேளுங்கள்.

அந்தச் சகோதரிக்குப் பதில்

ஊக்குநர் சகோதரி அந்தத் தாளின் நகலை ரேஷன் கார்டு கவருக்குள் மடித்து வைத்திருந்தார். எடுத்து வரச் சொல்லி, எல்லோரும் சேர்ந்து படித்தோம். ஆய்வின் நோக்கம், நெறிமுறைக் குழுவின் அனுமதி, போன் நம்பர் எல்லாமே அதில் இருந்தன. அந்த நம்பருக்கு அவரே போன் செய்தார். பேசியவர் பொறுமையாகப் பதில் சொன்னார். "எங்க வீட்டுக்காரருக்கு மருந்து வந்துச்சா, வெறும் தண்ணி வந்துச்சா?" என்று சகோதரி கேட்டார். "ஆய்வு முடியும் வரைக்கும் எங்களுக்கே தெரியாதும்மா" என்றார் அவர். "சரிங்க, கணக்கு முடிக்கிற அன்னைக்கு மறக்காமச் சொல்லுங்க" என்று சொல்லி போனை வைத்தார் நம் சகோதரி. அன்றைக்குத்தான் அவர் முகத்தில் தெளிவைப் பார்த்தோம்.

சம்மதிப்பதா, மறுப்பதா என்பது அவரவர் முடிவு. இரண்டுமே தப்பு இல்லை. எங்கோ 20,000 குடும்பங்கள் சம்மதித்ததால்தான் இன்று நமக்கு அந்த ஊசி கிடைக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் சம்மதம் என்றால் தெரிந்து கொடுப்பது. பயத்தில் போடுகிற கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல முடியாது. கடன் பத்திரத்துக்குக் காட்டும் கவனத்தை உயிர்ப் பத்திரத்துக்கும் காட்டுவோம்!

குழுக் கூட்டத்தில் பேச:

• நம் குழுவில் யாராவது ஆஸ்பத்திரியில் படிக்காமல் கையெழுத்துப் போட்டது உண்டா? ஏன் கேட்க முடியவில்லை?

• ஒரு உறுப்பினர் வீட்டில் விபத்து நடந்தால், கூடப் போய்த் தாளைப் படித்துச் சொல்ல நம் குழுவில் இரண்டு பேர் யார்? இந்த மாதமே பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

• மேலே உள்ள 6 கேள்விகளை ஒரு அட்டையில் எழுதி, கூட்டம் நடக்கும் இடத்தில் மாட்டுங்கள்.